மூன்று மடிப்பு

ஒரு பீடியைக் கையில் கொடுத்தால் அதைச் சுற்றியவள் யார் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே வேப்பமரத்து நிழலில் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு காலமெல்லாம் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் இருப்பவளின் கை தெரியாமலா போகும்? ஒருத்தி நூலை வெறிகொண்டு இறுக்குவாள். அவள் பீடிக்குக் குளவி இடுப்பு. எதிர்வீட்டுக்காரி தூளை அள்ளித் திணிப்பாள். அவள் பீடி பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். கோணல் ஒருத்திக்கு, நீளம் ஒருத்திக்கு.

என் பீடிக்கு மூன்று மடிப்பு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நனைத்த இலையை அளவாக வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, அகன்ற முனையை உள்ளே மடித்து அடைத்து, மறுமுனைப் பக்கம் நூலைக் கட்டினால் பீடி. அந்த அகன்ற முனையை நாங்கள் வாய் என்போம். எங்கள் தெருவில் எல்லோரும் வாயை இரண்டு மடிப்பில் அடைப்பார்கள். நான் இரண்டு மடித்த பின் சுண்டுவிரல் நகத்தால் மூன்றாவதாக ஒரு சின்ன மடிப்பு வைப்பேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அந்த மடிப்பு இருந்தால் பீடியைத் தரையில் எறிந்தாலும் தூள் சிந்தாது. நேரம் பிடிக்கும்தான். பிடிக்கட்டும். என் கையிலிருந்து போகிற சாமான் வாயைப் பிளந்துகொண்டு போகக் கூடாது என்பது என் பிடிவாதம்.

என் தம்பி பெண்டாட்டி இடதுகைக்காரி. அவள் பீடியில் இலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும். கண் தெரியாதவள்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவளைப் பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்லிக் கேட்கமாட்டோம். தட்டைக் கொடுத்து ஒரு கட்டு சுற்றச் சொல்லுவோம். அவள் குனிந்த தலை நிமிராமல் சுற்றினாள். என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இடது கையாலல்லா சுத்துதா," என்று என் காதைக் கடித்தாள்.

"சோத்த எந்தக் கையால திங்கான்னு மட்டும் பாரு. கட்டு நல்லா நிக்கி," என்றேன்.

அப்படி நான் சொல்லி வந்தவள் அவள். என்னை மதினி என்பாள், நான் அவளை ஏட்டி என்பேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் எனக்குத் தும்மல் வரும்.

எங்கள் ஊர் ஆற்றை ஒட்டியது. திருநெல்வேலி டவுணிலிருந்து வருகிற பஸ் எங்கள் ஊரோடு திரும்பிப் போய்விடும். பஸ் திரும்புகிற இடத்துக்கு எதிரில் பீடிக் கம்பெனியின் கடை. கடை என்றால் விற்கிற கடை இல்லை. நாங்கள் சுற்றியதை வாங்கிக்கொண்டு மறுநாளைக்கு இலையும் தூளும் நிறுத்துக் கொடுக்கிற இடம். ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குள் மின்விசிறிக்குக் கீழே செக்கர் இருப்பான். வெளியே வெயிலில் நாங்கள் வரிசையாக நிற்போம். அவனுக்கு என் கடைசி மகன் வயதுகூட இருக்காது. அதனால் அவன் என்றே சொல்கிறேன், மரியாதை தெரியாமல் இல்லை.

கட்டை எடுத்துப் பார்ப்பான். இரண்டை நசுக்கிப் பார்ப்பான். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் கட்டோடு பின்னால் இருக்கிற கூடையில் எறிவான். அதற்குக் கழிவு என்று பேர். கழிவுக்குக் கூலி கிடையாது, திருப்பியும் தரமாட்டான். கூடை நிறைந்ததும் உள்ளறைக்குப் போகும். உள்ளறைக்குப் போன கூடை அப்புறம் என்ன ஆனது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கார்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இவள் இந்தக் கம்பெனியின் தொழிலாளி என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு கொடுப்பது கார்டு. கார்டு உள்ளவளுக்குப் பீடித் தொழிலாளி ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு, பிள்ளைக்குப் படிப்பு உதவி உண்டு, வேலையை விட்டு நிற்கும்போது கைக்கு வரவேண்டியது உண்டு. கார்டு இல்லாதவள் விடிய விடியச் சுற்றினாலும் அவள் சுற்றவே இல்லை என்றுதான் அர்த்தம். ரேஷன் கார்டில் நான் இன்னாருடைய மனைவி. வீட்டுவரி ரசீதில் நான் இல்லவே இல்லை. பீடிக் கார்டில் மட்டும்தான் என் பேர் தனியாக, தலைப்பில், என் போட்டோவுக்குப் பக்கத்தில் இருந்தது. என் போட்டோவில் நான் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் பங்குனி வெயிலில் அவன் என் கட்டுகளைக் கழிக்க ஆரம்பித்தான்.

"கை நடுங்குது ஆச்சி. வாய் சரியா அடையல."

"எங்க, ஒண்ண எடுத்துக் கீழ போடு. ஒரு பொட்டுத் தூளு சிந்துனா நான் இன்னையோட நின்னுக்கிடுதேன்."

அவன் கீழே போடவில்லை. கூடையில்தான் போட்டான். மறுநாளும் போட்டான். அந்த மாதம் முழுக்க என் கையில் பாதி அந்தக் கூடைக்குத்தான் போனது. எனக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருவில் வயது முற்றியவர்கள் ஆறு பேர், ஆறு பேருக்கும் அதே பேச்சு. கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது, கட்டு தளர்கிறது. அப்புறம் ஒரு நாள் கார்டைப் புதுப்பிக்கவேண்டும் என்று ஆறு பேரிடமும் வாங்கி உள்ளே வைத்தான். கேட்கும்போதெல்லாம் நாளைக்கு என்றான். சித்திரை பிறந்ததும் பேச்சை மாற்றினான்.

"வயசானவியளுக்கு இனிமே இலை கெடையாதுன்னு மேல இருந்து சொல்லிட்டாவ ஆச்சி."

"சரி, நின்னுக்கிடுதோம். கைக்கு வரவேண்டியதக் குடுத்து அனுப்பு."

"நீங்களா வராம நின்னுட்டியன்னுல்லா எழுதியிருக்கு. தானா நின்னவியளுக்கு என்ன இருக்கு?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பின்னால் வெயிலில் வரிசை நிற்கிறது. என் முகத்தைப் பார்த்துத்தான் நானாக வராமல் நின்றுவிட்டேன் என்கிறான்.

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் நாங்கள் ஆறு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உச்சுக்கொட்டினார்கள், கை மட்டும் நிற்கவில்லை. என் தம்பி பெண்டாட்டிதான் முதலில் கையை நிறுத்தினாள். மடியில் இருந்த தட்டை எடுத்து, அதில் கிடந்த இலையையும் தூளையும் ஒரு துணியில் கொட்டிவிட்டு, தட்டைத் தரையில் கவிழ்த்தாள்.

எல்லோரும் பதறிவிட்டோம். எங்கள் பக்கம் வீட்டில் சாவு விழுந்தால்தான் தட்டைக் கவிழ்ப்போம். பதினாறு கழிந்தபின்தான் நிமிர்த்துவோம்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நெமுத்து மொதல்ல," என்றேன்.

"எங்க மதினி கார்டு வராம நெமுத்தமாட்டேன். இன்னைக்கு ஒங்களுக்கு, நாளைக்கு எனக்கு. அவனுக்கு பீடி வேணும்லா? அவனே சுத்தட்டும்."

அப்புறம் குளவி இடுப்புக்காரி கவிழ்த்தாள். எதிர்வீட்டுக்காரி "நான் மட்டும் என்ன எளச்சவளா" என்று சத்தம் போட்டுக் கவிழ்த்தாள். பொழுது அடைவதற்குள் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. அன்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை மறைக்க இப்போது எனக்கு அவசியம் இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட எனக்காக இத்தனை பேர் ஒன்றாக நின்றதில்லை.

சங்கத்துக்காரர் ஒருவர் டவுணிலிருந்து பைக்கில் வந்தார். நல்ல மனுஷன். கொடி ஒன்றைக் கடைக்கு எதிரில் நட்டு, பந்தலும் போட்டார். எங்களைப் பந்தலில் உட்காரச் சொன்னார்.

"எல்லாரும் ஒத்துமையா இருக்கணும். அதான் முக்கியம்."

"இருக்கோம் அண்ணாச்சி. எங்க வீட்டு அடுப்பும் எங்ககூட சேந்து ஸ்ட்ரைக் பண்ணுது," என்றாள் எதிர்வீட்டுக்காரி. பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் முணுமுணுத்தார்கள். என் தம்பி டவுண் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். பந்தலுக்கு முன்னாலேயே நின்று பீடியைப் பற்றவைத்தான்.

"ஏலே, பொண்டாட்டி ஸ்ட்ரைக்குல இருக்கா, நீ அதே கம்பெனி பீடிய ஊதுத. வெக்கமா இல்ல?" என்றேன்.

"அப்ப சிகரெட்டு வாங்கிக் குடு," என்றான்.

ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போனோம். வண்ணார்பேட்டையில் இறங்கி ஊர்வலமாகப் போகலாம் என்று சங்கத்துக்காரர் சொன்னார். வேண்டாம், பஸ்ஸிலேயே போய் இறங்குவோம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். முன்பு அதே ஆற்றங்கரையில் ஊர்வலம் போன தோட்டத் தொழிலாளர்களைப் போலீஸ் அடித்துத் தண்ணீருக்குள் விரட்டியதை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று இந்த ஊரில் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

வாசலில் போலீஸ் நின்று ஒவ்வொருத்தர் பையையும் திறந்து பார்த்தார்கள். யாரும் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொண்டு கொளுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு சோதனை. ஒரு பெண் போலீஸ் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். பேத்தி வயது இருக்கும். மோந்து பார்த்துவிட்டு மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

"தண்ணிதாம்மா. நான் சாக வரல, கார்டு வாங்க வந்திருக்கேன்," என்றேன்.

"போங்க ஆச்சி," என்றாள் பையச் சிரித்து.

உள்ளே மனுவை வாங்கிக்கொண்டார்கள். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். என் கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், ஆனாலும் கைநாட்டு வைக்கமாட்டேன். நடவடிக்கை எடுப்போம் என்றார்கள். இன்றுவரை எடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள் போல.

வைகாசி வந்தது. தட்டுகள் கவிழ்ந்தே கிடந்தன. கம்பெனி மேலிடத்திலிருந்து யாரோ பேச வரப்போகிறார்கள் என்று சங்கத்துக்காரர் சொன்னார். சரக்கு இல்லாமல் எத்தனை காலத்துக்கு நிற்பான், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தோம். பந்தலில் பேச்சு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. முன்னெல்லாம் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். பட்டினி என்று நினைத்துக்கொண்டேன். பட்டினி மனுஷரைத் தள்ளித்தான் உட்கார வைக்கும். விடிகாலையில் எழுந்து முற்றம் தெளிக்கும்போது ஈர இலை வாசம் வந்தது. இத்தனை வருஷம் மூக்கில் குடியிருந்த வாசம், வேலை இல்லாவிட்டாலும் வரத்தானே செய்யும் என்று அதையும் விட்டுவிட்டேன். தட்டு கவிழ்ந்து கிடக்கிறதே, அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்? தட்டுக்குப் பதிலாக மடியில் வைத்துக்கொள்ள வீட்டில் அரிசி புடைக்கிற சுளகு என்று ஒன்று இருப்பது என் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு நாள் காலையில் கம்பெனி வேன் வந்து கடைப் பின்வாசலில் நின்றது. சாக்குகளை ஏற்றினார்கள். கிளம்பி முன்பக்கம் வந்தபோது நான் ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களும் வந்தார்கள். கொஞ்சம் தயங்கி வந்தார்கள் என்பது இப்போது நினைத்தால் தெரிகிறது.

"ஆச்சி, இது பழைய சரக்கு. ஸ்ட்ரைக்குக்கு முந்தி எடுத்தது. வழிய விடுங்க," என்றான் செக்கர்.

"பழசுன்னா தெறந்து காட்டு."

"இதெல்லாம் எதுக்கு ஆச்சி?"

நான் எழுந்து போய் ஒரு சாக்கை இழுத்தேன். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். தையல் விட்டுப்போய்க் கட்டுகள் ரோட்டில் கொட்டின. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். சுற்றின பீடியை டவுண் கோடவுனில் கொண்டுபோய்ச் சூடு காட்டிக் காயவைக்கிறவரை அதில் ஈர இலை வாசம் போகாது, தொட்டால் மெத்தென்று இருக்கும். என் கையில் இருந்தது மெத்தென்று இருந்தது.

"பழசாலே இது? நேத்து சுத்துனது!"

சொல்லிக்கொண்டே கையில் இருந்ததைப் பார்த்தேன். இலை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது.

கட்டை உயரத் தூக்கிப் பிடித்தேன்.

"ஏட்டி, இங்கன வா. இது யாரு கை?"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையைக் குனியவில்லை.

"எங் கைதான் மதினி."

அதற்குப் பிறகு பந்தல் பந்தலாக இல்லை. "அடிப்பாவி" என்றாள் ஒருத்தி. "தட்ட மொதல்ல கவுத்தவளே இவதானே" என்றாள் இன்னொருத்தி. "சொந்த மதினிக்கே குழி வெட்டிட்டாளே, சவத்து மூதி" என்று எதிர்வீட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டாள். என் தம்பி பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவர்கள் ஓய்ந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"கத்தி முடிச்சாச்சா? எங் கை எதுக்கச் சுத்துது. அதான் மொதல்ல கண்ணுல பட்டுட்டு. ஒரு சாக்குப் பீடியையும் நான் ஒருத்தியே சுத்திட்டேனாக்கும்? குனிஞ்சு பாருங்க. மத்தது யாரு யாரு கைன்னு நான் சொல்லட்டா, நீங்களே சொல்லுதியளா?"

குனிந்து பார்த்தோம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ரோட்டில் எங்கள் தெருவே கிடந்தது. குளவி இடுப்பு கிடந்தது. கோணல் கிடந்தது. நீளம் கிடந்தது. வயிறு தள்ளிய கட்டுகள் இரண்டு மூன்று வேன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. எதிர்வீட்டுக்காரி தன் காலை மெல்ல நகர்த்தி அதில் ஒன்றின்மேல் வைத்து மறைத்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கார்டு பறிபோன நாங்கள் ஆறு பேர், எங்கள் கை மட்டும்தான் அந்தக் குவியலில் இல்லை.

டவுண் பஸ் ஒன்று வந்து, திரும்ப இடம் இல்லாமல் ஹாரன் அடித்தது.

"ஏன்டி?" என்றேன். "எனக்காகன்னு சொல்லித்தான தட்டக் கவுத்த?"

"நீங்க இலை வாங்குனதுக்குப் பொறவுதான் மதினி நான் வாங்குனேன்."

"யாரு, நானா?"

அவள் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்ததை அவிழ்த்தாள். ஒரு கட்டு பீடி. என் முன்னால் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். மூன்று மடிப்பு.

"செக்கர் எங்க வீட்டுப் பின்வாசல் வழியா வந்து இதக் குடுத்தான். ஒங்க மதினி சுத்துனது, அவிய கார்டத் திருப்பிக் குடுத்தாச்சு, அவிய மட்டும் காரியத்தப் பாத்துக்கிட்டாவ, நீதான் கோட்டி மாதிரி தட்டக் கவுத்திட்டு உக்காந்திருக்கன்னான். நான் நம்பல. பொறவு மடிப்பப் பாத்தேன்."

"எங்கிட்டயும் இதத்தான் காட்டுனான்," என்றாள் குளவி இடுப்புக்காரி.

"எங்கிட்டயும்," என்றாள் இன்னொருத்தி.

எதிர்வீட்டுக்காரியின் கால் மட்டும் அப்படியே இருந்தது.

அந்தக் கட்டை மூக்கில் வைத்தேன். பூசண வாசம். இலை சருகாகி, நிறம் வெளுத்து, நூல்கூட அழுக்கேறியிருந்தது. பங்குனியில் என் கை நடுங்குகிறது என்று சொல்லிக் கூடையில் எறிந்தானே, அந்தக் கழிவு. உள்ளறையில் பத்திரமாக வைத்திருந்து, எங்கள் தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய் என்னைக் காட்டியிருக்கிறான்.

"இத ஒரு தடவ மோந்து பாத்தியாட்டி?"

"மோந்து பாக்கணும்னு தோணல மதினி. மடிப்பு ஒங்களது. அதுக்கு மேல என்ன பாக்க இருக்கு?"

கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற அந்தப் போலீஸ்காரப் பிள்ளை என்னை யார் என்றே அறியாதவள். அவள் மோந்து பார்த்துவிட்டு என்னை நம்பினாள்.

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? நடுவுல ஒரு சுவருதான இருக்கு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "கேட்டு, நீங்க இல்லன்னு பொய் சொல்லிட்டியன்னா? அதத் தாங்க முடியாதுன்னுதான் மதினி கேக்கல."

பேச்சு பொய்யாக இருக்கலாம், கை பொய் சொல்லாது என்று வாழ்ந்த பெண்கள் நாங்கள். முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தே ஒருத்தியை எடைபோட்டுவிடுவோம். ஜன்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு அவன் எங்களைப் பற்றித் தெரிந்துகொண்டது அந்த ஒன்றைத்தான். அது போதுமாக இருந்தது. போலீஸ் வேண்டியிருக்கவில்லை, அடியாள் வேண்டியிருக்கவில்லை. அவன் காட்டிய கையும் நிஜமாகவே என் கை. அவன் பொய்யாக எதையும் செய்துகூடக் காட்டவில்லை.

செக்கர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவசரமே இல்லை அவனுக்கு. அப்புறம் சாக்கை விரித்துப் பிடித்தான்.

"சரி சரி, பஸ்சு நிக்கி பாருங்க. அவிய அவிய கட்ட எடுத்து இதுல போடுங்க. ரோட்டுல கெடந்து மண்ணாச்சுன்னா கழிவுல போயிரும். பொறவு கூலி கேக்கக் கூடாது."

குனிந்தார்கள். அவரவர் கை அவரவருக்குத் தெரியும் அல்லவா, தேடவேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி காலை எடுத்துவிட்டு, நசுங்கிய கட்டை ஊதித் துடைத்துச் சாக்கில் போட்டாள். பஸ் திரும்பியது. வேன் போனது. எதிர்ப்பக்கமாகச் சுற்றிய அந்த ஒரு கட்டு மட்டும் என் கையிலேயே இருந்தது. அவள் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் தட்டுகள் நிமிர்ந்தன. ஜன்னலில் வரிசை நின்றது. சங்கத்துக்காரர் வந்து கொடியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, கேஸ் போட்டிருக்கிறோம் என்றார். கேஸ் நடக்கிறது. ஆறு பேரில் ஒருத்தி இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டு வாசலில் தட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அவள் தானாக வராமல் நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறது, அது அப்படியே இருக்கிறது.

நானும் என் தம்பி பெண்டாட்டியும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பேசிக்கொள்ளவில்லை. அவள் வீட்டில் கடுகு வெடிக்கும், நான் தும்முவேன், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் சுவருக்கு மேலாக ஒரு பொட்டலம் வந்தது. நனைத்த இலையும் தூளும். நான் அதைத் திருப்பி வைத்துவிட்டேன். மறுநாளும் வந்தது. திருப்பினேன். சும்மா கிடந்தால் விரல்கள் மடங்காமல் விறைத்துக்கொள்கின்றன. மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டுவது அதைவிட வலி. மூன்றாம் தடவை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"ஒங் கார்டுல நான் சுத்தணுமாக்கும்?"

"சுத்துங்க மதினி. கூலி ஒங்களுக்கு."

"மடிப்ப மாத்தமாட்டேன்."

"மாத்தாதிய. கழிச்சாம்னா கழிச்சுட்டுப் போறான்."

சுற்றினேன். மூன்று மடிப்புதான். அவள் தன் கட்டுகளோடு சேர்த்துக் கொண்டுபோனாள். நான் சாயங்காலம்வரை காத்திருந்தேன், எத்தனை கட்டு கூடையில் விழுந்தது என்று கேட்க. ஒன்றுகூட விழவில்லை என்றாள். மறுநாளும் விழவில்லை. அந்த மாதம் முழுக்க விழவில்லை. அவன் பார்க்காமல் விட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் மடிப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன், அவனுக்கா தெரியாது?

போன வாரம் நானே அவளோடு ஜன்னலுக்குப் போனேன். வெயிலில் வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தது. அவன் என்னைப் பார்த்தான். என் கட்டை எடுத்தான், வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான், நல்ல சரக்குப் பக்கம் வைத்தான்.

"ஏன் தம்பி, கை நடுங்கலையா?" என்று கேட்டேன்.

"யாரு கையா இருந்தா என்ன ஆச்சி, கார்டு இவியளதுல்லா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இலையை நிறுத்துக்கொண்டே சொன்னான்.

நான் கையை உள்ளே நீட்டி என் கட்டிலிருந்து ஒரு பீடியை உருவினேன். ஜன்னலுக்குக் கீழே இருக்கிற சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டேன். ஒரு பொட்டுத் தூள் சிந்தவில்லை. குனிந்து அதை எடுத்துத் திரும்பவும் அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைக் கட்டில் செருகிவிட்டு, எங்களுக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டான்.